வயரைக் கழற்றிவிட்டு அமத்திப் பாருங்கள்

முதலில் ஒரு விசயம். இந்தக் கட்டுரையில் 'நாங்கள்' என்றால் நாலு பேர். கிற்றார் வாசிக்கிறவள், கீபோர்ட்காரன், பாடுகிறவள், கஹோன் தட்டுகிறவன். எங்கட பான்டில் ஐந்தாவதாக ஒரு தம்பியும் இருந்தான். அவனை ஏன் இந்த 'நாங்கள்' என்பதற்குள் சேர்க்கவில்லை என்பது போகப் போக விளங்கும்.

கலைப்பீட விழாவுக்கென்று நாங்களே ஒரு பாட்டுக் கட்டியிருந்தோம். பாட்டின் முதல் பாதி அமைதியானது. கிற்றாரில் ஒரு சுத்தமான சவுண்ட், பின்னால் கொஞ்சம் டிலே, அவ்வளவுதான். பிறகு எல்லோரும் ஒரு கணம் நிற்போம். பாடுகிறவள் மூச்சு எடுப்பாள். அடுத்த கணம் டிஸ்டோர்ஷனோடு பாட்டு வெடிக்க வேண்டும். அந்த ஒரு கண மௌனத்துக்காகத்தான் அந்தப் பாட்டையே கட்டினோம் என்றும் சொல்லலாம்.

அந்த மௌனத்துக்குள்தான் அது வந்து விழுந்தது. "டப்." அதற்குப் பின்னால் இழுபடுகிற ஒரு "ஸ்ஸ்ஸ்."

கிற்றார்காரியின் காலடியில் இருந்தது ஒரு டிஜிட்டல் புரொசெசர். நாங்கள் அதைப் 'பெட்டி' என்று சொல்வோம். மகாபொலக் காசில் ஒவ்வொருத்தரும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, வெளிநாடு போகவிருந்த ஒரு அண்ணாவிடம் செக்கன்ட் ஹேண்டில் வாங்கியது. புதுசாக வாங்கிற கதையே இல்லை. 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு இசைக்கருவிக் கடைக்குள் விலை கேட்கப் போவதையே நாங்கள் விட்டுவிட்டோம். பெட்டிக்குள் அம்பிளிஃபயர், டிஸ்டோர்ஷன், டிலே, ரிவேர்ப் எல்லாம் கணக்குகளாக இருக்கும். வேண்டியதைச் சேர்த்து ஒரு சவுண்டாகச் சேமித்து வைத்தால் அது ஒரு பேட்ச். காலால் சுவிட்சை அமத்தினால் அடுத்த பேட்ச். சுத்தமான சவுண்ட் ஒரு பேட்சில், டிஸ்டோர்ஷன் அடுத்த பேட்சில். அமத்துகிற அந்த நேரத்தில்தான் "டப்."

வயர்தான் என்று முடிவுகட்ட எங்களுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஏனென்றால் வயர் தம்பி செய்தது. ஹட்டன் பக்கத்துப் பெடியன், முதலாம் வருசம். அவனுடைய மாமாவுக்கு டவுனில் ஒரு ரேடியோ, ரீவி திருத்துகிற கடை. பள்ளிக்கூட லீவுகளில் அங்கே இருந்து ஈயம் ஒட்டப் பழகியிருக்கிறான். கடையில் நல்ல கிற்றார் வயர் விலை கூட என்று நாங்கள் புலம்பிக்கொண்டிருந்தபோது, "நான் செஞ்சி தாரேங்க்கா" என்று ஆறு மீற்றர் வயரும் இரண்டு ஜாக்கும் வாங்கி வந்து ஒரு பின்னேரத்தில் செய்து தந்தான். அவன் எங்கட பான்டுக்குள் வந்தது அப்படித்தான். வாசிக்க மாட்டான். வயர், பிளக், மைக் ஸ்டாண்ட் எல்லாம் அவன் பார்ப்பான்.

"வயர்ல ஒண்ணும் இல்லக்கா. மீட்டர் வச்சிப் பாத்துட்டேன்" என்றான். எங்களுக்குள் யாரோ அந்த 'ஒண்ணு'வைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தோம். யாரோ என்று எழுதுவது லேசு. நாலு பேரும் சிரித்தோம்.

வயரில் பிழை இருந்தால் எப்படி இருக்கும் என்று இப்போது எங்களுக்குத் தெரியும். வயரை ஆட்டினால் கரகரக்கும். ஜாக்கைத் திருகினால் சத்தம் விட்டு விட்டு வரும். உள்ளே வலைபோல் சுற்றியிருக்கிற கம்பி ஒரு பக்கத்தில் விட்டுப்போயிருந்தால் இடைவிடாமல் இரையும். சுவிட்சை அமத்தும்போது மட்டும் "டப்" என்று சொல்லிவிட்டு மற்ற நேரம் நல்ல பிள்ளையாக இருக்க ஒரு வயருக்குத் தெரியாது. இதை அன்றைக்கே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஆளுக்கு ஆயிரம் போட்டுக் கடையில் ஒரு புது வயர் வாங்கினோம்.

புது வயரிலும் "டப்."

இப்போதாவது தம்பியிடம் மன்னிப்புக் கேட்டிருப்போம் என்று நினைப்பீர்கள். இல்லை. கிற்றாரின் உள் ஜாக்கை ஒருமுறை அவன்தான் கழன்றுபோனதென்று திரும்ப ஒட்டித் தந்தான் என்பது எங்களுக்கு நினைவு வந்தது. அப்ப பிழை அதில். கீபோர்ட்காரன் இன்னும் ஒரு படி மேலே போய், தம்பியின் வயரை நடுவில் வெட்டி உள்ளே எப்படி இருக்கிறதென்று பார்த்தான். உள்ளே ஒரு பிழையும் இல்லை. வெட்டின வயரை அலுமாரிக்கு மேல் எறிந்தோம். அடுத்த நாள் தம்பி வந்தான், அலுமாரிக்கு மேல் பார்த்தான், "படிக்க இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு வரவில்லை.

தம்பி போனான். டப் போகவில்லை.

இரண்டு கிழமை இப்படியே போனது. நாங்கள் படிப்பது மட்டக்களப்பில். கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியைக் காதில் வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று சொல்கிற ஊர். நாங்களும் ஒரு பறுவத்துக்குப் போய்க் காதை வைத்துப் பார்த்தோம், பாலத்தில் போகிற பஸ் சத்தம்தான் கேட்டது. அது கிடக்கட்டும். இவ்வளவு கவனமாகக் காது கொடுத்துக் கேட்க ஆட்கள் பழகின ஊரில் இருந்துகொண்டு, எங்கட பெட்டி என்ன சத்தம் போடுகிறது என்று நாங்கள் ஒருநாளும் சரியாகக் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் 'சத்தம்' என்று ஒரே பெயர் வைத்திருந்தோம். வந்தது ஒரு சத்தம் அல்ல, மூன்று.

விழாவுக்கு நாலு நாள் இருக்க, சவுண்ட் போடுகிற மாமா மண்டபம் பார்க்க வந்தார். கோயில் திருவிழா, கலியாணம், கூட்டம் என்று வருசக்கணக்காக சவுண்ட் போடுகிறவர். நாங்கள் எங்கட பிரச்சினையைப் பத்து நிமிடம் விளங்கப்படுத்தினோம். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"வயரக் கழட்டிப்போட்டு அமத்திப் பாத்தீங்களா புள்ளயள்?"

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். கிற்றார்காரி குனிந்து, பெட்டிக்குள் போகிற வயரை இழுத்துக் கழற்றினாள். இப்போது பெட்டியோடு கிற்றாரும் இல்லை, வயரும் இல்லை. சுவிட்சை அமத்தினாள்.

"டப். ஸ்ஸ்ஸ்."

கொஞ்சம் சின்னதாக, ஆனால் அதே டப். பத்து செக்கன் வேலை. அந்தப் பத்து செக்கனை நாங்கள் இரண்டு கிழமையாகச் செய்யவில்லை. மாமா அதற்குள் ஸ்பீக்கர் வைக்கிற இடத்தை அளக்கப் போய்விட்டார். நாங்கள் வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

(உங்களிடம் இருப்பது வயரைக் குத்தினால் மட்டும் ஓன் ஆகிற பெட்டியென்றால், கழற்றாமல் கிற்றாரின் வொலியூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அமத்திப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே சோதனைதான்.)

அன்றிரவு கொமன் ரூமில் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு இருந்தோம். முதல் வேலையாக ஹெட்போனை நேரே பெட்டியில் குத்தினோம். டப் இருந்தது. ஆகவே மிக்சரிலும் ஸ்பீக்கரிலும் பிழையில்லை. பிறகு ஒன்றுமே போடாத இரண்டு வெறும் பேட்ச் செய்து அவற்றுக்கிடையே மாற்றிப் பார்த்தோம். டப் இல்லை! சுவிட்சிலும் பிழையில்லை. அப்படியென்றால் பிழை நாங்கள் கட்டின சவுண்டுக்குள் இருக்கிறது. எங்கட கையால் கட்டினது.

பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டோம். ஒன்றைப் போடுவது, அமத்துவது, கேட்பது. அம்பிளிஃபயர் போட, சின்ன டப் வந்தது. டிஸ்டோர்ஷனும் கொம்ப்ரெசரும் போட ஸ்ஸ்ஸ் வந்தது. டிலே போட்டு வாசிக்க டப் பெரிதானது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக் கூடாது என்பதுதான் இதில் இருக்கிற ஒரே விதி. நித்திரைத் தூக்கத்தில் அதையும் இரண்டு தரம் மீறித் திரும்ப முதலில் இருந்து தொடங்கினோம்.

டப் எப்படி உருவாகிறது என்பதை விளங்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. நாங்கள் கலைப்பீடம், கணிதத்தை ஓஎல்லோடு கும்பிட்டு விட்டுவந்த ஆட்கள். ஆனால் இது அவ்வளவு கஷ்டமில்லை. இப்படியான பெட்டிக்குள் சத்தம் எண்களாகத்தான் ஓடுகிறது. 44.1 கிலோஹேர்ட்ஸ் என்று போட்டிருந்தால் செக்கனுக்கு 44,100 எண். பேட்ச் மாறும்போது பெட்டி பழைய கணக்கை அழித்துப் புதுக் கணக்கை ஏற்ற வேண்டும். அதுவரைக்கும் வாயை மூடிக்கொள்கிறது. நாங்கள் அதை லப்டொப்பில் ஓடாசிட்டி என்கிற இலவச மென்பொருளில் பதிந்து பெரிதாக்கிப் பார்த்தோம். அலை ஓடிக்கொண்டிருந்து திடீரென்று அறுந்து, நேர்கோடாகக் கிடந்து, பிறகு வேறோர் உயரத்தில் தொடங்குகிறது. இடைவெளி கிட்டத்தட்ட 30 மில்லிசெக்கன். கிற்றாரின் மிகத் தடித்த கம்பி செக்கனுக்கு ஏறக்குறைய 82 தரம் அதிர்வது. அதன் ஓர் அலைக்கு 12 மில்லிசெக்கன் எடுக்கும். அப்ப ஒவ்வொரு தரம் அமத்தும்போதும் இரண்டரை அலை காணாமற்போகிறது.

இடைவெளிகூடப் பிரச்சினை இல்லை. அலை அறுகிற விதம்தான் பிரச்சினை. இருட்டில் படி இறங்கும்போது இன்னுமொரு படி இருக்கிறதென்று காலை வைக்க, அங்கே தரை வந்தால் உடம்பு எப்படிக் குலுங்கும்? ஸ்பீக்கரின் கடதாசியும் அப்படித்தான். மேலே போய்க்கொண்டிருந்த அலை ஒரே எண்ணில் பூச்சியத்துக்கு விழுந்தால் ஸ்பீக்கர் குலுங்குகிறது. அதைத்தான் நாங்கள் டப் என்று கேட்கிறோம். டிலேயின் வால் ஓடிக்கொண்டிருக்கும்போது அறுத்தால் இன்னும் பெரிய குலுக்கம். வயரே இல்லாதபோதும் வந்ததற்குக் காரணம், டிஸ்டோர்ஷன் ஒன்றுமில்லாததையும் பெருப்பித்துக் காட்டுகிற சாமான். பெட்டியின் உள் இரைச்சல் திடீரென்று பலமடங்காகிறது. அதுவும் ஒரு படிதான்.

ஸ்ஸ்ஸ் வேறு கதை. அதற்கு முழுப் பொறுப்பும் எங்கட பேராசைதான். இரவு ஹெட்போனில் சவுண்ட் கட்டும்போது டிஸ்டோர்ஷன் எவ்வளவு கூடவோ அவ்வளவு இனிமை. அதற்கு மேல் கொம்ப்ரெசர். கொம்ப்ரெசர் பெரிய சத்தத்தை அமத்திவிட்டு முழுவதையும் மேலே தூக்கும். அதோடு சின்ன இரைச்சலும் மேலே ஏறும். இந்த இரைச்சலை மறைக்க நொய்ஸ் கேற் போட்டிருந்தோம். கேற் என்பது படலைதான். சத்தம் ஓர் அளவுக்கு மேல் வந்தால் திறக்கும், குறைந்தால் பூட்டும். எங்கட பெட்டியில் புதுப் பேட்ச் ஏறும்போது படலை திறந்தபடிதான் தொடங்குகிறது. அது பூட்டும்வரைக்கும் உள்ளே இருக்கிற இரைச்சல் எல்லாம் வெளியே ஓடி வரும். அதுதான் அந்த இழுபடுகிற ஸ்ஸ்ஸ்.

மூன்றாவது ஒரு "உம்ம்" இருந்தது. அது பேட்ச் மாறினாலும் மாறாவிட்டாலும் இருந்தது, டிஸ்டோர்ஷனுக்குப் போனால் பெரிதாகக் கேட்டது. அதனால் அதையும் பெட்டியின் கணக்கில் எழுதியிருந்தோம். உண்மையில் அது கரண்டின் சத்தம். எங்கட கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அந்த 50 உம், அதன் இரட்டிப்பான 100 உம்தான் உம்ம் என்று கேட்கிறது. கீபோர்ட்காரனின் லப்டொப் சார்ஜரைக் கழற்றினோம், பாதிக்கு மேல் போய்விட்டது. லப்டொப்பைப் பற்றரியில் ஓடவிட்டால் சரி. மிச்சம் கிற்றாரின் பிக்கப்பில் இருந்து. சிங்கிள் கொயில் பிக்கப் கரண்டுச் சாமான்களின் இரைச்சலைப் பிடிக்கும். கிற்றார்காரி கொஞ்சம் திரும்பி நின்றால் குறையும், லைட்டுக்குக் கிட்டப் போனால் கூடும். அவளை எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று மேடையில் சோக்கால் கோடு போட்டோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். உம்ம் போகவேண்டுமென்று மூன்று கால் பிளக்கின் ஏர்த் காலை முறிக்கச் சொல்லி எங்களுக்குப் புத்தி சொன்ன ஆட்கள் இருந்தார்கள். சத்தம் போகவும் கூடும். ஆனால் கிற்றார்க் கம்பியில் கையும் மைக்கில் உதடும் வைத்துக்கொண்டு நிற்கிற ஆளுக்கு உயிரைக் காப்பாற்றுவதற்கு இருப்பது அந்தக் கால்தான். 1972 இல் ஸ்வான்சீ நகரில் 'ஸ்டோன் த குரோஸ்' குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி, ஏர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மின்சாரம் தாக்கிச் செத்துப்போனார். உம்ம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

டப்புக்கு வருவோம். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்தால் சரிவரும் என்று கஹோன்காரன் சொன்னான். புதுப்பிக்கிற நேரம் கரண்ட் போனால் பெட்டியே செத்துவிடும் என்று பாடுகிறவள் பயந்தாள். 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததென்று நாடு முழுக்க இருண்ட கதையைச் சொல்லி எல்லோரையும் பயப்படுத்தினாள். கடைசியில் பின்னேரம் நாலு மணிக்கு, ஒருத்தர் பிளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, புதுப்பித்தோம். ஒரு வித்தியாசமும் இல்லை.

சரிவந்தது வேறொன்று. பேட்ச் மாற்றும்போது அறுகிறதென்றால் பேட்ச் மாற்றாமல் விட்டால் என்ன? சுத்தமான சவுண்டையும் டிஸ்டோர்ஷனையும் ஒரே பேட்சுக்குள் கட்டினோம். ஒரே அம்பிளிஃபயர், அளவான கெயின். அதற்கு முன்னால் ஒரு டிரைவ் பெடல். கால் சுவிட்ச் பேட்சை மாற்றுவதற்குப் பதிலாக அந்தப் பெடலை மட்டும் ஓன், ஓஃப் செய்கிற மாதிரி மாற்றினோம். பெட்டியில் அதற்கென்று ஒரு மோட் முதல் நாளில் இருந்தே இருந்திருக்கிறது. டிலேயைக் கடைசிக்குத் தள்ளினோம், முழுச் சங்கிலியும் மாறாததால் அதன் வால் அறுபடாமல் தானாகத் தேய்ந்து போனது. கேற்றை டிரைவுக்குப் பின்னால் வைத்து, இறுக்கத்தைக் குறைத்தோம். கொம்ப்ரெசரைத் தூக்கி எறிந்தோம். பெடல் ஓனில் இருக்கும்போதும் ஓஃபில் இருக்கும்போதும் சத்தத்தின் அளவைக் காதால் சமப்படுத்தினோம். ஹெட்போனில் அல்ல, மண்டபத்தில், ஸ்பீக்கர் முன்னால் நின்று.

இதில் இழப்பும் உண்டு. பழைய டிஸ்டோர்ஷன் வேறோர் அம்பிளிஃபயரில் கட்டியது. இன்னும் முரடானது, இன்னும் அழகானது. கிற்றார்காரிக்கு இன்றைக்கும் அந்தக் கவலை இருக்கிறது. ஆனால் 30 மில்லிசெக்கன் இடைவெளி போய்விட்டது. டப்பும் போய்விட்டது என்று முழுசாகச் சொல்ல மாட்டோம். கம்பிகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அமத்தினால் கேட்காது. மூட மறந்தால் ஒரு சின்ன "டிக்" இருக்கும். மௌனத்துக்குள் யாராவது இருமினால் அதைவிடப் பெரிதாகக் கேட்கும்.

இதெல்லாம் முடிந்தபோது விடிய இரண்டு மணி. சரிவந்த சந்தோசத்தில் கூத்தாடியிருக்க வேண்டும். ஒருத்தரும் ஆடவில்லை. கீபோர்ட்காரன் கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேல் கையை விட்டுத் துழாவினான்.

விலையைப் பார்த்தால் கடை வயர் பெரிசு, பெட்டி அதைவிடப் பெரிசு, அந்தப் பெட்டிக்குள் நாங்கள் இரவிரவாகக் கட்டின சவுண்ட் எல்லாவற்றிலும் பெரிசு என்று நினைத்திருந்தோம். கீழே இருந்து மேலாகச் சந்தேகப்பட்டுக்கொண்டு வந்தோம். மிகக் கீழே இருந்தது முதலாம் வருசத்துப் பெடியன் ஒருத்தன் கையால் ஒட்டின வயர். அதை மீற்றர் வைத்துச் சோதித்தது அவன் ஒருத்தன்தான். எங்கட பேட்சை ஒருத்தரும் சோதிக்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் ஹொஸ்டலுக்குப் போனோம். பெடியள் இருவரும் உள்ளே போக, பெட்டையள் இருவரும் வாசலில் நின்றோம். நாலு பேரும் சேர்ந்து கேட்க வேண்டும் என்று அவனை வெளியே கூட்டிவரச் சொல்லியிருந்தோம். வந்தான். நாங்கள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனங்கள் எல்லாம் சிக்கிக்கொண்டன. வயரில் பிழையில்லை என்று சொன்னோம். "தெரியும்க்கா" என்றான். சிரித்தது பிழை என்று சொன்னோம். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "சத்தம் எதுல வந்திச்சி?" என்று கேட்டான்.

சொன்னோம். பேட்ச் மாறுவது, அலை அறுவது, படலை திறந்தபடி தொடங்குவது எல்லாம். ஓடாசிட்டியில் எடுத்த படத்தைப் போனில் காட்டினோம். நேர்கோட்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். எங்களுக்குத் தோன்றாத ஒரு கேள்வி கேட்டான். இரண்டு பேட்சிலும் ஒரே அம்பிளிஃபயரை வைத்து, மற்றதை மட்டும் மாற்றினால் இந்த இடைவெளி சின்னதாகுமா? நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை. "பாக்கலாமே" என்றான்.

பிறகு வெட்டின வயரைக் கேட்டான். பைக்குள் இருந்தது, எடுத்துக் கொடுத்தோம். இரண்டு முனையையும் பார்த்தான். "இதுக்கு கத்தியாலயா வெட்டுனீங்க?" என்றான். கீபோர்ட்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.

விழாவன்று வயர் திரும்பி வந்தது. நடுவில் ஒட்டி, கறுப்பு ரேப் சுற்றியிருந்தது. சிதைந்த இடத்தை வெட்டி எறிந்ததில் முந்தியதைவிட ஒரு முழம் கட்டை. கடை வயர் நீளம், அதைப் போடுவோமா என்று கிற்றார்காரியிடம் கேட்டோம். அவள் ஒன்றும் சொல்லாமல், சோக்கால் போட்ட கோட்டைக் காலால் அழித்துவிட்டுப் பெட்டிக்குக் கிட்டவாக இன்னொரு கோடு போட்டாள்.